ரெண்டு புள்ளி ஒண்ணு

நீல வாளி. பெயிண்ட் வாளிதான்,
கழுவிக் கழுவி வாசம் போனது.
பின்வாசல் கிரில்லுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் நடுவே
நேற்று சாயங்காலம் பிடித்த பைப் தண்ணீர்
வாய் திறந்து கிடக்கிறது.

ஒரு நாள் விட்டால் போதும் என்றான் மீன்கடை ஆ சுவான்.
வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம்,
மழைக்காலமென்றால் இரண்டு நாள்.
கொசு முட்டையிடுமுன் எடுத்துவிட வேண்டும்,
டிங்கிக்காரர்கள் வந்தால்
வாளியைத்தான் முதலில் பார்ப்பார்கள்,
சம்மன் எழுதும் பேனா கையிலேயே இருக்கும்.

இந்தக் காரம் எங்கிருந்து வருகிறதென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
போடுவதே என் வீட்டுக்காரர்.

மேட்டில், செம்பனைக்கு மேலே,
வேலி போட்ட தண்ணீர் லோஜியில்
அவருக்கு இரவு ஷிப்ட்.
வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால்
பழைய தோட்டத்து லயன் வீடும் புதுத் தாமானும்
கோயில் அன்னதானக் குண்டாவும்
மாமாக் கடைத் தே தாரிக்கும்
ஒரே வாசம் அடிக்கும்.
விடிகாலை மோட்டாரில் வந்து இறங்கும்போது
சட்டையில் ஒரு நீச்சல் குளம்.
அதை வாளிக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன்.
இரண்டும் தம் பாட்டுக்கு
எதையோ விட்டுக்கொண்டிருக்கும்.

போன தைப்பூசத்துக்கு முன் ஒரு சண்டை.
தங்கை பவளத்துக்கு அவர் கொடுத்த எண்ணூறு வெள்ளி.
நான் பேசியது அதைவிட அதிகம்.
அவர் ஷிப்டுக்குப் போனதும்
கை சும்மா இருக்கவில்லை.
தொட்டியைப் பாதி இறைத்தேன்,
ரப்பர் குழாயை நேராகப் பைப்பில் மாட்டினேன்.
தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.
மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன,
பசியென்று நினைத்துத்
தீனி தூவினேன்.

விடிந்தபோது பதினொன்றில் ஆறு.
அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தொட்டியைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்துப்
பப்பாளி மரத்தடியில் போட்டு
காலால் மண் தள்ளினார்.
வடிகட்டியை அப்புறம் நான் வீசிவிட்டேன்.

மறுநாள் மேசையில் ஒரு பொட்டலம்.
கற்கண்டு மாதிரி ஆன்டி குளோரின், ஒரு வெள்ளி.
நாலு கல் போட்டால் உடனே சரியாகிவிடுமாம்.
இன்னும் பிரிக்கவில்லை.
உடனே சரியாவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.
"இன்னிக்கு எவ்வளவு?"
"ரெண்டு புள்ளி ஒண்ணு."
சில நாள் ஒண்ணு புள்ளி எட்டு.
காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.
எண்களைக் காலண்டரில் எழுதி வைக்கிறேன்,
கேஸ் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில்.
ஏனென்று அவர் கேட்டதில்லை.
கேட்டால் மீனுக்கு என்பேன்.

நேற்று ராத்திரி பெரிய மழை.
ஆறு தேத்தண்ணி நிறத்தில் வந்திருக்கும்.
மூன்று பத்துக்கு ஃபோன் அதிர்ந்தது:
பெரிய பைப் வெடிச்சு இப்பதான் ஒட்டினாங்க.
கூட்டிப் போட்டிருக்கேன்.
ரெண்டு நாளைக்குத் தண்ணி மாத்தாதே.

விடிந்ததும் பகாவ் முழுக்க
அதைத்தான் குடிக்கும், குளிக்கும், அரிசி களையும்.
இத்தனை வீட்டில்
வேறு யாருக்கும் செய்தி போகவில்லை.

தொட்டி விளக்கைப் போட்டேன்.
ஐந்தும் அசையாமல் நின்று தூங்கின,
வெளிச்சம் பிடிக்காமல் ஒன்று மட்டும் கல்லுக்குப் பின்னால் போனது.
அணைத்துவிட்டேன்.

"சரி" என்று அடித்தேன். அழித்தேன்.
"சாப்டீங்களா" என்று அடித்து
கொஞ்ச நேரம் வைத்திருந்து
அனுப்பினேன்.

பின்வாசலில்
வாளி நிரம்பி வழியும் சத்தம்.