வகுபடாத ஒரு சுற்று

பணகுடிக்கு மேற்கே
பதினேழாம் எண் காற்றாலை.
ஜெனரேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால்
கண்ட்ரோல் ரூம் திரையில் ஓர் எண் கூடும்.
காற்று பிடித்து அடிக்கையில் வினாடிக்கு இருபத்தைந்து.
ஏழு ஆடிகளாக ஏறிக்கொண்டிருந்தது,
யாரும் பார்க்காமல்.

ஐப்பசி பிறந்ததும் கோயம்புத்தூரிலிருந்து போன்:
"கவுண்ட்டர் நிரம்பப் போகுதுங்க மேடம்.
இருநூத்திப் பதினாலு கோடிச் சொச்சத்துல
மைனஸுக்குப் புரண்டுரும்.
அதுக்கு முன்னாடி ரீசெட் பண்ணிருங்க."

சொச்சம் என்றான்.
அந்தச் சொச்சம் எனக்குத் தெரியும்.
214,74,83,647.
பாளையங்கோட்டையில் எண் கோட்பாட்டில் அரியர் விழுந்து
இரண்டாம் தடவை படிக்கையில்
பிடித்துப்போன எண்.

முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி
ஒன்றைக் கழித்தால் வருவது.
மெஷின் பாஷையில் எழுதினால்
முப்பத்தொரு ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியும் இல்லை,
காவல்கிணறு போகிற வழியில்
காற்றில்லாத நாளின் கோபுரங்கள் மாதிரி.

மூன்று வந்து கேட்கும்; ஒன்று மிஞ்சும்.
ஏழுக்கும் ஒன்று. பதினொன்றுக்கும் ஒன்று.
பதின்மூன்று முரட்டு ஆசாமி, பத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.
நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது வரைக்கும்
பார்த்தால் போதும்.
அதிலும் 248ஆல் வகுத்தால்
ஒன்றோ அறுபத்துமூன்றோ மிஞ்சுகிற பகா எண்கள் மட்டும்;
நூறுகூடத் தேறாது.
அந்த அரியர் வருஷம்
கோடு போடாத நோட்டில் ஒவ்வொன்றாக வகுத்தேன்.
புத்தகம் சொன்னதை நம்பாமல் இல்லை.
எனக்கும் ஒருமுறை அது வகுபடாமல் போகவேண்டியிருந்தது.

ரீசெட் பண்ணவில்லை.
நாளைக்கு, நாளைக்கு என்றேன்.
செவ்வாய்க்கிழமை மத்தியானம்
மகேந்திரகிரி மேல் மேகம் இறங்கி உட்கார்ந்தது.
பனை ஓலைகூட அசையவில்லை.
எண் ஊர்ந்து, இழுத்து, நின்றது:
214,74,83,646.

முந்தின வீடு. சந்தைக் கூட்டம்.
இரண்டு, ஏழு, பதினொன்று, முப்பத்தொன்று,
நூற்று ஐம்பத்தொன்று, முந்நூற்று முப்பத்தொன்று,
எல்லாருக்கும் அதில் பங்குண்டு.
மூன்றுக்கு இரண்டு பங்கு.
அந்தப் பக்கத்து வீடு 648.
அங்கே இரண்டைத் தவிர ஒருத்தர் கிடையாது,
முப்பத்தொரு தடவையும் அதே இரண்டு.
நடுவில் அது.

லிங்கதுரை கிரீஸ் போட மேலே ஏறியிருந்தான்.
வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்.
"தண்டைக் கையால சுத்துலே. ஒரே ஒரு சுத்து."
"எதுக்குக்கா?"
"சுத்துலே."

647.

மணி அடிக்கவில்லை. விளக்கு எதுவும் எரியவில்லை.
காற்றிருந்தால் இமைப்பதற்குள் போயிருக்கும்.
இப்போது ஒரு பல்லி
திரையின் ஓரமாக நடந்து
நான்கின் மேல் கொஞ்சம் நின்றது.

"என்னக்கா வந்துச்சு?"
"யாராலயும் வகுக்க முடியாதது."
கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும்.
"ஒண்ணால போவும்லா? அதால அதுவும் போவும்லா?"
பத்தாவதோடு நின்றவன்.

"போவும்" என்றேன்.

"பிரேக்கப் போட்டுட்டு எறங்கட்டா?"
"நல்லா இறுக்கிட்டு எறங்கு."

ரெஜிஸ்டரில் எழுதினேன்:
எண் 17. கிரீசிங். நாளைக் காலைவரை நிறுத்தம்.
ரீடிங் கட்டத்தில் பத்து இலக்கமும்,
சொச்சம் போடாமல்.