விட்டுப் பிடி

நான்காம் கியரில்
என்ஜின் மட்டும் கத்திக்கொண்டு ஏறுகிறது,
வண்டி அதே எண்பதில்.
வெலிங்டன் வரைக்கும் கருகல் வாடை.
டர்போவை முறுக்கி ஏற்றிய நாளில்
கிளட்ச்சை யாரும் கேட்கவில்லை.

தவீட்டா மூன்று தட்டுகளைத்
தரையில் துண்டு விரித்துப் பரப்பினான்.
ஆறு பல் செராமிக், கடித்தால் விடாது.
இரட்டைத் தட்டு, என் இரண்டு மாதச் சம்பளம்;
சும்மா நிற்கையிலும் சில்லறை குலுக்கும்.
மூன்றாவதைப் பற்றிப் பேசவே இல்லை,
காலால் ஓரமாகத் தள்ளினான்.

"எத்தனை குதிரை?"
முந்நூற்றுப் பத்து என்றேன்.
இருநூற்றெழுபதுதான்.
அவனுக்கும் தெரியும்.

செராமிக் போட்ட தன் காரை
ஒரு சாயங்காலம் ஓட்டக் கொடுத்தான்.
புரூக்லின் மேட்டில் சிவப்பு விளக்கு.
பின்னால் பேருந்து, முதுகை முகர்ந்தபடி.
பெடல் கல்லாய்க் கனத்தது.
பாதி விட்டேன், ஒன்றுமில்லை.
இன்னும் மயிரிழை விட்டேன்,
கிடாய்போல் ஒரு துள்ளு துள்ளி
நின்றேபோனது.
பேருந்துக்காரி ஹாரன் அடிக்கவில்லை.
பொறுமையாகக் காத்திருந்தாள்.
அதுதான் தாங்கவில்லை.

பந்தயப் பாதைக்கு நான் போவது
வருடத்தில் ஒரு ஞாயிறு.
இந்த மேட்டுக்கு, நாளுக்கு இரண்டு தடவை,
ஹினேவையும் அவளுடைய செல்லோவும் பின்னிருக்கையில்.

ஓரம் தள்ளியதைக் குனிந்து எடுத்தேன்.
சாதா உராய்வுத் தட்டு,
அழுத்தும் மூடி மட்டும் கொஞ்சம் முரடு.
"இதுவா?"
குதிரைகளைத் திருத்திச் சொன்னேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

ஐந்நூறு கிலோமீட்டர் வரை
மிதிக்காதே என்றிருக்கிறான்.
முந்நூற்றுப் பதினொன்றில் இருக்கிறேன்.
பக்கத்துத் தடத்தில் ஒரு சிவப்பு ஹோண்டா
என்னைப் பார்த்து உறுமுகிறது.