பதினொரு நிமிடம்

பட்டியலை லீக் செயலாளர்தான் கொண்டுவந்தார்,
மீன்பணிஸ் சுற்றிய பையோடு.
"காசு வாங்கி உதைபந்து விளையாடினவர்களில்
இன்னும் உயிரோடு இருப்பவர்கள், ஐயா. வயதுப்படி."
ஐந்து பெயர்.
கடைசியில் நான். தவராசா என்பதில்
சின்ன ர இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ற.

காசு வாங்கினேன்தான். இரண்டு ரூபாய் ஐம்பது சதம்.
துறைமுகத்தில் வெள்ளைக்காரன் இருந்த கடைசிக் காலம்,
எங்கள் டொக்யார்ட் அணிக்கும்
நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலின் ஆட்களுக்கும் ஆட்டம்.
ரொசைரோவுக்குக் கணுக்கால் திரும்பிவிட்டது என்றார்கள்.
வேலியோரம் நின்ற என்னை இழுத்து
அவன் சப்பாத்தை மாட்டிவிட்டார்கள்.
இரண்டு அளவு பெரிது. முனையில் தும்பு அடைத்துக்கொண்டேன்.
முடிய இருந்தது பதினொரு நிமிடம்.
பந்து என்னிடம் இரண்டு தரம் வந்தது.
ஒரு தரம் நான் அதை உதைத்தேன்,
மறு தரம் அது என்னை.

சம்பளக் கொப்பியில் தொழில் என்ற கட்டத்தில்
எழுதுவினைஞர் "ஆட்டக்காரன்" என்று எழுதினார்.
பிறகு முப்பத்தேழு வருடம்
ரயில் நிலையத்தில் கருவாட்டுப் பொதி நிறுத்தேன்.
அதற்கு ஒரு பட்டியலும் இல்லை.

முதலாம் இடம் கிண்ணியா உதுமாலெவ்வை.
பாலம் வருமுன்னே தோணியில் வந்து கோல் காத்தவர்.
இரண்டும் மூன்றும் யார் என்பது இழுபறி:
கோணாமலை பென்ஷனைத் தள்ளிவைக்க
மூன்று வயதைக் குறைத்தவர்,
ரொசைரோ டொக்யார்டில் சேர
இரண்டு வயதைக் கூட்டியவன்.
இரண்டு பொய்யும் முத்திரை குத்திய பொய்.
நாலாவது துரைராசசிங்கம், கனடாவில்.
ஆள் பேர் தெரியாதாம்.
படுக்கையில் வலது கால் மட்டும்
இரவில் எதையோ தள்ளுகிறதாம், மகள் எழுதியிருந்தாள்.

உதுமாலெவ்வை நோன்பு இருபத்தேழில் போனார்.
ஜனாஸாவுக்குப் பாலத்தைக் கடக்கும்போது
செயலாளர் என் காதில் சொன்னார்:
"நீங்கள் இப்போ நாலு."
மாசியில் கனடாவிலிருந்து செய்தி. மூன்று.
கக்கூசுக்குப் போகவே எனக்குப் பிடிகம்பி வேண்டும்.
ஆனாலும் யாரையோ முந்திக்கொண்டே இருக்கிறேன்.

பாலையூற்றுக்குப் போனேன், ஓட்டோவில்.
ரொசைரோ கதிரையில் சாரத்தோடு, காதில் மெஷின்.
என்னைக் கண்டதும் முதல் கேள்வி:
"என்ர சப்பாத்து எங்கேடா?"
எழுபது வருடமாகக் கேட்காதது.
அடுத்த கிழமையே விற்றுவிட்டேன் என்றேன்,
ஐந்து ரூபாய்க்கு.
அவன் சிரித்த சிரிப்பில் மெஷின் கீச்சிட்டது.
"கணுக்காலும் திரும்பயில்ல, ஒண்டும் திரும்பயில்ல.
இறங்காமல் இருக்கச் சொல்லி
கப்பல்காரன் பத்து ரூபாய் தந்தவன்."
நான் கணக்குப் பார்த்தேன்.
விளையாடினதற்கு இரண்டரை,
சப்பாத்துக்கு ஐந்து,
விளையாடாததற்குப் பத்து.
"கோணாமலைக்குச் சொல்லாதே" என்றான்.
"அவன் இன்னும் அந்தத் தோல்வியை
தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

நான் சொல்லவில்லை.
சொல்லவேண்டுமா என்று யோசித்தபடி
மைதானத்தைத் தாண்டி வந்தேன்.
ஆட்டம் இல்லாத நாள். நடுவட்டத்தில் மான்கள்,
ஒன்று கோல் கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு.
ஓட்டோக்காரப் பெடியன் ஹோர்ன் அடித்தான்.
அது நகரவில்லை.

வருடத் தொடக்கத்தில் கிராம சேவகர்
பென்ஷனுக்காக எழுதித் தருவார்:
மேற்படியார் உயிரோடிருப்பதை நேரில் கண்டேன்.
அதில் என் பெயர் எப்போதும் சரியாக இருக்கும்.
செயலாளரிடம் கேட்டேன்,
பட்டியலிலும் அந்த ற-வைத் திருத்தலாமே என்று.
"அச்சடிச்சு முடிஞ்சுது ஐயா.
அடுத்த முறை மாத்துவம்."
அடுத்த முறை எப்போது என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் அதற்குள்
கோணாமலையின் சுகத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.