கஞ்சி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
வாரத்துக்கான அதிகாரத்தை வடிப்பேன்.
ஒரு ஆழாக்கு இட்லி அரிசி, குழைய வெந்து,
மல்துணியில் பிழிந்தால் வெள்ளையாய் வழியும்.
அதில் முங்கி எழும் ஐந்து பருத்திச் சேலைகள்.
மொட்டைமாடிக் கொடியில் காயும்போதே
அவற்றுக்கு என்னைவிட வயது கூடிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த தையில்
பூப்போட்ட சுடிதாரில் போனேன்.
கோட்டூர்ச் சாலை, பாமணியாற்றுக்கு இப்பால்,
நேரடி நெல் கொள்முதல் நிலையம்.
பட்டியல் எழுத்தர், செங்கமலம்:
ஆணையில் அப்படித்தான் இருந்தது.
தியாகசுந்தரம் டிராக்டரிலிருந்து இறங்காமலே கேட்டார்,
"பாப்பா, ஆபீசர் எப்ப வருவாரு?"
நான்தான் என்றேன்.
சிரித்துவிட்டு
மாசிலாமணியிடம் மறுபடி கேட்டார்.
மாசிலாமணி மூட்டை தைக்கிறவர்.
அவருக்கு மீசை இருந்தது,
அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மன்னார்குடிக்குப் போய்
ஒரு ஆளை வாங்கி வந்தேன்.
அரக்கு, மயில்கழுத்து, காப்பிக்கொட்டை நிறம்.
கரை இரண்டு விரல்கடை, அதற்கு மேல் போனால்
கல்யாணத்துக்கு வந்தவள் ஆகிவிடுவேன்.
பெரிய முகப்பு வைத்த ஆம்பளைக் கடிகாரம்.
கறுப்புச் சட்டத்தில் பவர் இல்லாத கண்ணாடி.
"உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்றார் கடைக்காரர்.
தெரிய வேண்டியது எனக்கில்லை என்றேன்.

திங்கட்கிழமை
மடிப்புக்கு நாலு ஊக்கு, தோளுக்கு இரண்டு,
உபரியாக ஒன்று வளையலில்.
பேருந்திலிருந்து இறங்கி நடக்கையில்
சேலை சரசரத்தது.
எனக்கு முன்னால் அது போய்
ஆள் வருகிறது என்று சொல்லிவைத்தது.
களத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.
அப்பா வயதுக்காரர்களும் எழுந்தார்கள்.
கூச்சமாக இருந்தது.
உட்காரச் சொல்லவில்லை.

அப்பா இந்தப் பக்கத்து வயல்களில் அண்டை வெட்டியவர்.
சட்டை போட்டுக்கொண்டு கூலி கேட்கப் போனதற்காக
அரை மரக்கால் குறைத்து அளக்கப்பட்டவர்.
ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்,
சோற்றைப் பிசைந்துகொண்டே, வேறு எதையோ சொல்வதுபோல.
என் சேலைகளுக்கு இஸ்திரி போடுவது அவர்தான்.
ஒரு மடிப்பும் கோணாது.

ஈரப்பத மீட்டரில் ஒரு பிடி நெல்.
பதினேழுக்குள் இருந்தால் எடுக்கலாம்.
தியாகசுந்தரத்தின் சம்பா பதினெட்டு புள்ளி நாலு.
வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை,
பையில் வெளியே தெரியும்படி ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள்.
அவரும் கஞ்சிதான் போட்டிருந்தார்.
இரண்டு கஞ்சியும் எதிரெதிரே
கொஞ்ச நேரம் விறைத்து நின்றன.
"காயவச்சு எடுத்துட்டு வாங்க."
கால் நடுங்கியதைச் சேலை வெளியே விடவில்லை.
"சரிங்க மேடம்."
அன்று ராத்திரி
ரசஞ்சோறு ருசித்தது, பொய் சொல்வானேன்.

மாசியில் வராத மழை வந்தது.
காலையில் பதினேழு புள்ளி ஆறு என்று
அதே குரலில் நான் திருப்பிவிட்ட
வேம்புவின் குவியல்
திறந்து கிடந்தது.
தார்ப்பாய்க்கு நாலு முனை. மாசிலாமணி, வேம்பு, அவள் மகன்.
கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.
கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்தேன்,
இன்னும் கிடைக்கவில்லை.
நனைந்த சேலையிலிருந்து கஞ்சி இளகி
முதுகில், முழங்காலில், கொழகொழவென்று இறங்கியது.
என் மேலெல்லாம் சோற்று வாசம்.
எதிர் முனையிலிருந்து வேம்பு கத்தினாள்,
"நல்லா இழு புள்ள!"
இழுத்தேன்.

மறுநாள் மயில்கழுத்து நிறம், அதே விறைப்பு.
வேம்பு எழுந்து நின்று "மேடம்" என்றாள்.
அடியில் இருந்த நெல்லை அள்ளி நீட்டினாள்.
மீட்டர் பத்தொன்பது காட்டியது.
நான் நிமிரவில்லை,
எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணாடி இல்லாமலே
துல்லியமாகத் தெரிந்தது.