ரிஜெக்ட் ஆன தகடு

ஒசூர் சிப்காட்டில் பவுடர் கோட்டிங் பட்டறை.
தகட்டைத் தடவிப் பார்ப்பது என் வேலை.
விரல் வழுக்கினால் பாஸ்.
எங்காவது ஒரு மணல், ஒரு பரு
நகத்தில் தட்டினால்
சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

அப்படி நான் குறி போட்ட தகடு ஒன்று
பெட்டமுகிலாளத்தில்
கெம்பம்மாவின் ராகிக் கொல்லை ஓரம்
இரண்டு மூங்கிலுக்கு நடுவே
சாய்ந்து நிற்கிறது இப்போது.

முதலில் அங்கே நின்றது நல்ல தகடு.
நான்கு இரவு மூடுபனி வந்து
அதில் முகம் பார்த்துவிட்டுப் போனது.
விடிந்தால் மேலெல்லாம் வியர்வை.
கீழே நான் கட்டிய பாதிக் குழாயில்
ஒரு சொட்டு இல்லை.
"நீரு பந்த்து, இளீலில்ல" என்றாள் கெம்பம்மா.
வந்தது, இறங்கவில்லை.
ஒரு வாரமாக எனக்குப் புரியாததை
மூன்று சொல்லில் முடித்துவிட்டு
மாட்டை அவிழ்க்கப் போனாள்.

தாமரை இலைத் தண்ணீர் என்று
ஒட்டாதவர்களைத் திட்டுகிறோம்.
ஒட்டிக்கொண்டு நகராமல் கிடப்பதற்கு
உவமை இல்லை நம்மிடம்.
இனி என் நல்ல தகட்டைச் சொல்லலாம்.

இறங்கும் வழியில், அய்யூருக்கு முன்னால்,
ஹெல்மெட் கண்ணாடி வெளுத்துப்போய்
வண்டியை நிறுத்தினேன்.
யானைக்கு வெட்டிய அகழி.
அதன் கம்பி வேலியில் சிலந்தி வலை.
இழை ஒரே சீராக இல்லை:
முடிச்சு, மெலிவு, மறுபடி முடிச்சு.
மெலிவில் பிறந்த துளி
முடிச்சைத் தேடி நடந்தது.
சரிவு இல்லை. யாரும் தள்ளவில்லை.
ஷிப்டுக்கு நாற்பது நிமிடம் லேட்.

அன்று இரவு போனில் ஒரு வண்டைப் பார்த்தேன்.
எங்கோ ஒரு பாலைவனத்தில்
தலையைத் தாழ்த்தி, பின்புறம் தூக்கி,
பனிக்கு முதுகு காட்டி நிற்கிறது.
முதுகெல்லாம் மேடு.
மேடு நீரைப் பிடிக்கும், பள்ளம் தள்ளும்.
கனத்த துளி தானே உருண்டு
அதன் வாய்க்கே வருகிறது.

மணல்வாரி போட்ட முதுகு!
இதை எங்கள் பட்டறைக்கு அனுப்பியிருந்தால்
நானே குறி போட்டிருப்பேன்.

கம்ப்ரசர் பில்டர் கிழிந்த நாளில்
தூசி விழுந்து கெட்டவை
எடைக்குப் போகக் காத்திருந்தன.
ஒன்றை எடைக்கே வாங்கினேன், எண்பத்தாறு ரூபாய்.
"வீட்டுக்குக் கூரையா?" என்றார் பசவலிங்கம் சார்.
கூரைதான் என்றேன்.
முழுக்க மெழுகு பூசி
பருக்களின் தலையை மட்டும்
உப்புத்தாளால் தேய்த்தேன்.
மூன்று ஞாயிறு. விரல் நுனியில் ரேகை போயிற்று.
ஆபீஸில் ஆஜர் மெஷின் என்னை அடையாளம் தெரியாது என்றது.

மார்கழிப் பனி.
கெம்பம்மா வீட்டுக் கயிற்றுக் கட்டிலில்
தூங்காமல் கிடந்தேன்.
மூன்று மணி இருக்கும்,
குழாயில் டொக் என்றது.
வெகுநேரம் கழித்து
இன்னொரு டொக்.
பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

விடியலில் ஒன்றரை டம்ளர்.
"எத்தனை தகடு வெச்சா ஒரு குடம்?"
கணக்குப் போட்டு, ஐம்பது என்றேன்.
"ஐம்பது தப்பு பண்ணுவாங்களா உன் கம்பெனியில?"
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்,
வழக்கம்போல் கையால் வாயை மூடிக்கொண்டு.

நான் பாலக்கோட்டுப் பக்கம்.
எங்கள் போர் தண்ணீர் என் பல்லில்
மஞ்சள் கோடு கிழித்தபோது
எனக்கு ஏழு வயது.
பாறை கரைந்த தண்ணீர் அது.
பள்ளி போட்டோ எல்லாவற்றிலும்
என் உதடு ஒட்டியே இருக்கும்.

அரை டம்ளரை அவள் குடித்தாள்.
மீதியை நான்.
மெழுகு வாசம் லேசாக.
மற்றபடி ஒரு ருசியும் இல்லை.
மண்ணையே தொடாத தண்ணீருக்கு
ருசி எங்கிருந்து வரும்?
வாயிலேயே வைத்திருந்தேன் கொஞ்ச நேரம்.

திங்கட்கிழமை, இரண்டாம் லாட்.
பதினோராவது தகட்டில்
நகம் தட்டியது.
ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு நிறைய.
சாக்பீஸை எடுத்தேன்.
பசவலிங்கம் சார் பார்க்கிறார்.

போட்டேன்.
பெருக்கல்தானே.