சேன் பியேரில் ஒரு பாகப்பிரிவினை

வீடு அக்காளுக்கு, கரும்புக்காடு தம்பிக்கு.
பிறகு ஒரு தீப்பெட்டிக்குள்ளிருந்து
நொத்தாரிசின் மேசையில் விழுந்தது அது.
அரை வராகன்.
துவரம்பருப்புக்குச் சற்றுப் பெரிசு.

"சரிபாதி" என்றது சட்டம்.
"அதுவே பாதிதானே" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் எடைபோட வந்த தட்டான்.

லென்ஸில் பார்த்தேன்.
சூலம். துள்ளும் மான்.
ஈசனின் இடத்தொடையில் உமை.
முகம் தேய்ந்துவிட்டது,
உட்கார்ந்திருக்கும் உரிமை தேயவில்லை.
பின்புறம் ஓர் அரசன் பெயர், நாகரியில்;
எங்களில் எவருக்கும் வாசிக்க வராது.

ழிஸ்லேனுக்கு அம்மன் போதுமாம்.
இவோனுக்குச் சூலம்.
"நடுவில் வெட்டுங்கள், மெசியே வையாபுரி."

உளியை வைத்துப் பார்த்தேன்.
நேராக வைத்தால்
அவள் முழங்கால் அவனோடு போகிறது.
சாய்த்தால்
அவள் இடுப்பைச் சுற்றிய அவன் கை
அவளோடு வந்துவிடுகிறது.
அச்சு வெட்டியவன்
இடைவெளி என்று ஒரு மயிரிழைகூட விடவில்லை.

"விற்றுப் பணமாக..." என்று தொடங்கினார் நொத்தாரிசு.
"நோன்!"
இரண்டு தொண்டை, ஒரே சத்தம்.

தீப்பெட்டி இப்போது என் கடை இழுப்பறையில்.
வெள்ளிதோறும் காலையில் அவள், மாலையில் அவன்.
ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது.
நான் கற்பூரம் எல்லாம் ஏற்றுவதில்லை.
மேசைவிளக்கைக் கொஞ்சம் திருப்பிவைக்கிறேன்.