இருபது மில்லிமீட்டர்

சியாத்துராவில் ஜனவரி வந்தால்
பாறைகள் எல்லாம் பனிக்கு வாடகைக்குப் போய்விடும்.
அதனால் சமையலறைக் கதவுநிலைக்கு மேல்
ஒரு பாறை செய்துகொண்டேன்.

மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் குப்பையில்
கால் போன மேசை ஒன்று.
அறுத்த பலகையில் இருபது மில்லிமீட்டருக்கு ஒரு விளிம்பு,
பதினைந்துக்கு ஒன்று,
பத்துக்கு ஒன்று. அது இன்றுவரை அலங்காரம்தான்.
உப்புத்தாள் தீர்ந்ததும் செங்கல்லால் தேய்த்தேன்.
எவனோ ஒரு பையன் காம்பஸ் முனையால் கீறிய எழுத்து,
கொக்கிபோல் வளைந்தது,
சரியாக என் நடுவிரல் உட்காரும் இடத்தில்.
அதைத் தேய்க்க மட்டும் கை வரவில்லை.

எடைக்கு மாங்கனீசுத் தாது.
ஷிப்டு முடிந்து வரும்போது
ஸ்வியாத் கோட்டுப்பையில் கொண்டுவருவான், நாளுக்கு ஒரு கல்.
கைக்குள் அடங்கும்; கையை இழுக்கும்.
உருளைக்கிழங்கு விற்கும் மகுலி
தன் தராசிலேயே எல்லாவற்றையும் நிறுத்தாள்.
நாலு கிலோ முந்நூறு.
ஏன், எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை.
"வேக நேரமாகுமே" என்றாள்.

ஏழு விநாடி தொங்கல், மூன்று விநாடி ஓய்வு.
மின்சாரம் இல்லாத இரவுகளில்
குழாய் சொட்டுவதை எண்ணினேன்.
குளிர் கூடினால் சொட்டு தாமதிக்கும்.
என் ஏழும் நீளும்.

ராஜ்மா வாளிக்குள் முழங்கை வரை புதைத்து
விரல்களை விரித்து மூடுவேன், விரித்து மூடுவேன்.
பிறகு அதே ராஜ்மாதான் இரவுச் சாப்பாடு.
ஒருநாள் ஸ்வியாத் மெல்லுவதை நிறுத்தினான்.
வாயிலிருந்து என் பிளாஸ்திரித் துண்டை எடுத்துத்
தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு
மறுபடி மென்றான்.

பிப்ரவரியில் எல்லாம் கழன்றது.
பலகை என் மேல், நான் வாளி மேல்,
காரை எல்லார் மேலும்.
தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தான்.
சுரங்கக் கூரையைத் தாங்கும் போல்ட்டுகள் நான்கை
அந்த நேரத்தில் அடித்து முடுக்கிவிட்டுப்
போய்ப் படுத்தான்.
இனி வீடு விழுந்தாலும் பலகை நிற்கும்.
கதவுதான் அன்றிலிருந்து மூடுவதில்லை;
வெங்காயம் வதக்கினால் தலையணை வரை வாசம்.

ஏப்ரல். ஆற்றுக்கு மேலே சுண்ணாம்புப் பாறை.
மூன்று வருடமாக என்னைத் திருப்பியனுப்பிய விளிம்பு.
எட்டினேன். இருபது இருக்கும்.
இல்லை, பதினெட்டு.
ஈரம். ஆனாலும் விரல்கள் நின்றன.

இடது காலை எங்கே வைப்பதென்று
நான் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்
நடுவிரல் மட்டும்
தன் பாட்டுக்குக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தது,
அந்தப் பையனின்
எழுத்தைத் தேடி.